கோப்புகளில் நடந்த கிளர்ச்சி

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் பாதுகாத்துவரும் பழைய இந்தியா அலுவலகக் கோப்புகளில், அரபு நாடுகளைப் பற்றிய பலவற்றைக் கத்தார் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறது. சில மாதங்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தாள்களைப் புரட்டுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. 1916ஆம் ஆண்டு உதுமானியத் துருக்கிப் பேரரசுக்கு எதிராக, மக்காவும் மதீனாவும் அடங்கிய ஹிஜாஸில் வெடித்த அரபுக் கிளர்ச்சியைப் பற்றிய வரலாறுகள் ஒட்டகப்படையையும் தகர்க்கப்பட்ட ரயில் பாதையையும் விரிவாகப் பேசும். அலுவலகத்தில் குறிப்பெழுதியே முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கோ, அந்தக் கிளர்ச்சியைப் பற்றி யார் யாருக்கு என்ன எழுதினார், படித்தவர் அதில் எதை எடுத்துக்கொண்டார் என்பதில்தான் மனம் நிற்கிறது.

கதை கிளர்ச்சிக்கு முன்பே, பெய்ரூத்தில் தொடங்குகிறது. அங்கே பிரெஞ்சுத் தலைமைத் துணைத் தூதராக இருந்தவர் பிரான்சுவா ஜார்ஜ் பிக்கோ. உதுமானிய ஆட்சியின்மீது மனக்குறை கொண்டிருந்த சிரியப் பத்திரிகையாளர்களும் பிரமுகர்களும் பிரெஞ்சுத் தூதரகத்தோடு வைத்திருந்த தொடர்புகளெல்லாம் வழக்கம்போல் பதிவாகிக் கோப்புகளில் சேர்ந்திருந்தன. 1914 நவம்பரில் துருக்கி முதல் உலகப் போரில் இறங்கியதும் பிக்கோ ஊரைவிட்டுக் கிளம்பினார். சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று நம்பியதாலோ என்னவோ அந்தத் தாள்களை எரிக்காமல், நடுநிலை நாடாக இருந்த அமெரிக்காவின் துணைத் தூதரகப் பாதுகாப்பில் கட்டடத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார். நம் சென்னைப் பட்டணத்துக் கும்பினிக்காரர்களுக்கு மொழிபெயர்க்கத் துபாஷிகள் இருந்ததுபோல அங்கும் தூதரகத்துக்குத் துபாஷிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரே தாள்கள் இருந்த மறைவிடத்தைக் காட்டிக்கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. சிரியாவில் துருக்கியின் நான்காம் படைக்குத் தலைமை தாங்கிய ஜமால் பாஷாவின் கைக்கு அவை போய்ச் சேர்ந்தன.

1915 ஆகஸ்ட் 21 அன்று பெய்ரூத்தில் பதினொரு பேரும், 1916 மே 6 அன்று பெய்ரூத்திலும் டமாஸ்கஸிலுமாக இருபத்தொரு பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். 1913இல் பாரிசில் கூடிய அரபு மாநாட்டுக்குத் தலைமை வகித்த அப்துல் ஹமீது அல்-ஸஹ்ராவியும், ‘அல்-முஃபீத்’ இதழின் ஆசிரியர் அப்துல் கனீ அல்-உரைஸியும் அந்த மே மாதப் பட்டியலில் இருந்தவர்கள். விசாரணையில் அந்தத் தூதரகக் காகிதங்கள் முக்கியச் சான்றாகின. ஒரு பகுதியை ஜமால் பாஷாவின் நிர்வாகம் புத்தகமாகவே அச்சிட்டு வெளியிட்டது. நம்பி வந்து பேசியவனின் பெயரைக் கோப்பில் எழுதிவைத்து, கோப்பை மட்டும் விட்டுவிட்டுப் போன அந்த அலட்சியத்தை எத்தனை முறை படித்தாலும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. சிரியாவையும் ஈராக்கையும் பிரித்துக்கொள்ளும் இரகசிய ஒப்பந்தத்தை பிரிட்டனின் மார்க் சைக்ஸோடு சேர்ந்து வரைந்தவரும் இதே பிக்கோதான். அது முடிவானதும், அந்த இருபத்தொரு பேர் தூக்கில் தொங்கியதும் ஒரே மே மாதத்தில் என்பதைக் காலவரிசையில் பார்த்தபோது சிறிது நேரம் கணினியை மூடிவைத்துவிட்டேன்.

கெய்ரோவில் நடந்தது வேறு வகை. உதுமானியரின்கீழ் மக்காவை ஆண்டுவந்த ஷரீஃப் ஹுசைன் 1915 ஜூலையில் எகிப்திலிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி மக்மஹோனுக்கு எழுதி, ஆசியாவிலுள்ள ஏறத்தாழ எல்லா அரபு நிலங்களுக்கும் விடுதலையை ஏற்றுக்கொண்டால் துருக்கிக்கு எதிராக எழத் தயார் என்று தெரிவித்திருந்தார். கெய்ரோ அதிகாரிகள் முதலில் இதைப் பேராசை என்றே எண்ணி, எல்லைகளைப் பற்றிப் பேசப் பிடிகொடுக்கவில்லை. அவர்கள் மனத்தை மாற்றியவர் ஒரு கைதி. மொசூலைச் சேர்ந்த முகம்மது ஷரீஃப் அல்-ஃபாரூகி என்ற இளம் உதுமானியப் படை அதிகாரி கலிப்போலிப் போர்முனையில் தன் அணியை விட்டு ஆங்கிலேயர் பக்கம் வந்து, அரபு அதிகாரிகளின் இரகசியச் சங்கங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். துருக்கிப் படையிலுள்ள அரபு அதிகாரிகளில் தொண்ணூறு விழுக்காட்டினர் சங்கத்தில் இருக்கிறார்கள், பிரிட்டன் உறுதி தராவிட்டால் ஜெர்மனியின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்றார். உளவுப் பிரிவின் தலைவர் கில்பர்ட் கிளேட்டன் இதை அக்டோபர் தொடக்கத்தில் அறிக்கையாக எழுதினார். கெய்ரோ லண்டனுக்குத் தந்தி அடித்தது. அக்டோபர் 20 அன்று வெளியுறவு அமைச்சர் கிரே மக்மஹோனுக்கு வாக்குறுதி தர இடமளித்தார். 24ஆம் தேதி கடிதம் போனது.

ஃபாரூகி தன் சங்கத்தின் அதிகாரம் பெற்ற பேச்சாளர் அல்லர். அவர் சொன்ன எண்ணைச் சரிபார்க்கும் வழி எதுவும் கெய்ரோவில் இருக்கவில்லை. ஆனாலும் ‘இவர் கூறுகிறார்’ என்று தொடங்கிய செய்தி ஒவ்வொரு மேசையைத் தாண்டும்போதும் சற்றே கெட்டியாகி, இறுதியில் அரசின் கொள்கையாக உட்கார்ந்துவிட்டது. எங்கள் அலுவலகத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். கீழ்நிலை எழுத்தர் ‘கேள்விப்பட்டதாகத் தெரிகிறது’ என்று எழுதுவார், கண்காணிப்பாளர் ‘தெரியவருகிறது’ என்பார், மேலே போகும் குறிப்பில் அது ‘உண்மை’ ஆகியிருக்கும். எங்களிடம் போனது ஒரு பாசனக் கால்வாய்க் கணக்கு, அவ்வளவே. இங்கே போனது டமாஸ்கஸ்.

அந்த 24ஆம் தேதிக் கடிதத்தின் ஒரு சொல் பின்னால் கால் நூற்றாண்டு வழக்காடப்பட்டது. டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ ஆகிய மாவட்டங்களுக்கு மேற்கே உள்ள சிரியப் பகுதிகள் முழுக்க அரபு நிலம் என்று சொல்ல முடியாதவையாதலால் வாக்குறுதியில் அடங்கா என்று மக்மஹோன் எழுதினார். ஆங்கிலத்தில் மாவட்டம் என்று பொருள்படும் சொல் இருந்த இடத்தில், ஹுசைனுக்குப் போன அரபு வாசகத்தில் ‘விலாயத்’ என்ற சொல் இருந்தது. உதுமானிய நிர்வாகத்தில் விலாயத் என்றால் மாகாணம். அலெப்போ ஒரு விலாயத்தின் தலைநகர்தான். ஹோம்ஸும் ஹமாவும் டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்ட சிரியா விலாயத்துக்குள் அடங்கிய ஊர்கள். சிரியா விலாயத் தெற்கே அகாபா வரை நீண்டிருந்ததால், விலாயத்தை மாகாணம் என்று கொண்டால் அதற்கு மேற்கே பலஸ்தீனமும் வந்து விலக்கப்பட்டதாகிவிடும். நகரைச் சுற்றிய பகுதி என்று கொண்டால் பலஸ்தீனம் அந்தக் கோட்டுக்குத் தெற்கே நின்று வாக்குறுதிக்குள் வந்துவிடும். மக்மஹோனின் அரபுக் கடிதங்களைத் தயாரித்த பாரசீகரான ரூஹியைப் பற்றி, அவருடைய மேலதிகாரி ரொனால்டு ஸ்டோர்ஸே பிற்பாடு, அரபியில் ஆழ்ந்த புலமை உடையவரல்லர், அறிஞராக இருந்ததைவிட ஒற்றராகவே சிறந்தவர் என்று எழுதிவைத்தார். அந்த அரபு வாசகத்தைச் சரிபார்த்திருக்க வேண்டியவர் ஸ்டோர்ஸே என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அரசு அந்தக் கடிதங்களை அதிகாரபூர்வமாக வெளியிட்டது 1939இல்தான்.

கிளர்ச்சி 1916 ஜூன் 5 அன்று மதீனாவுக்கு வெளியேயும், 10 அன்று மக்காவிலும் தொடங்கியது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் துணையோடு 16ஆம் தேதி ஜித்தா வீழ்ந்தது. தாயிஃப் செப்டம்பர் வரை தாக்குப்பிடித்தது. மதீனா போர் முடிந்து 1919 ஜனவரியில்தான் சரணடைந்தது. ஜூலையில் ஜித்தாவுக்கு பிரிட்டிஷ் பிரதிநிதியாக வந்தவர் கர்னல் சிரில் வில்சன். புனிதநகருக்குச் செல்லும் வாசலில் கிறித்தவப் படை அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருப்பது முஸ்லிம்களை உறுத்தும் என்பதால் அவருக்கு வைத்த பதவிப் பெயர் ‘ஹஜ் பயண அதிகாரி’. மக்காவுக்குள் அவர் நுழைய முடியாது. எனவே கிளர்ச்சியின் தலைவரைப் பற்றிய அறிக்கைகளில் கணிசமானவை தொலைபேசியில் கேட்டவற்றிலிருந்தே எழுந்தன. அக்டோபரில் ஸ்டோர்ஸும் பிரிட்டிஷ் உளவு அதிகாரி டி. ஈ. லாரன்ஸும் ஜித்தாவில் இருந்தபோது, துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய வாத்தியக் குழுவை மக்காவில் வாசிக்கச் செய்து, அதைத் தொலைபேசி வழியாகவே ஹுசைன் அவர்களைக் கேட்கவைத்தார். ஒருவர் மாற்றி ஒருவர் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்டார்களாம்.

கெய்ரோவின் சவாய் விடுதியில் அமர்ந்திருந்த அரபுப் பிரிவு, தொல்லியலாளர் ஹோகார்த்தின் தலைமையில் ‘அரபுச் செய்தி மடல்’ என்ற இரகசிய இதழைக் கிளர்ச்சி தொடங்கிய வாரத்திலேயே வெளியிடத் தொடங்கியது. முப்பது பிரதிகளுக்கு மேல் போகாத அந்த இதழ், நான் வாசித்த அரசு ஆவணங்களிலேயே நல்ல உரைநடை உடையது. நல்ல உரைநடைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 1916 இறுதியில் ராபிக் துறைமுகத்துக்குப் பிரிட்டிஷ் காலாட்படை அனுப்பலாமா என்ற கேள்வி எழுந்தபோது, வில்சனும் சூடானின் தலைமை ஆளுநர் விங்கேட்டும் அனுப்ப வேண்டும் என்றார்கள். வேண்டாம், அந்நியப் படையைக் கண்டால் பழங்குடிகள் கலைந்துபோவார்கள் என்று லாரன்ஸ் எழுதினார். எகிப்திலிருந்த பிரிட்டிஷ் படைத்தலைவர் மரே ஏற்கெனவே ஒரு படையணியையும் தர விரும்பாதவர் என்பதால் லாரன்ஸின் அறிக்கை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. லாரன்ஸ் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். அது ஏற்கப்பட்டதற்குக் காரணம் அது மட்டும்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்திய அரசின் குரல் இந்தக் கோப்புகளில் எரிச்சலோடு ஒலிக்கிறது. கலீஃபாவான துருக்கி சுல்தானுக்கு எதிரான கலகத்தை பிரிட்டன் தூண்டுகிறது என்று இந்திய முஸ்லிம்கள் கொதிப்பார்கள் என்பது சிம்லாவின் அச்சம். அதோடு இந்திய அரசுக்குத் தனியாக வேறொரு ஆளும் இருந்தார். 1915 டிசம்பரில்தான் அதன் வளைகுடாப் பிரதிநிதி பெர்சி காக்ஸ் நஜ்தின் ஆட்சியாளர் இப்னு சவூதோடு உடன்படிக்கை செய்திருந்தார். ஒரே பேரரசின் இரண்டு அலுவலகங்கள் ஒருவருக்கொருவர் பகையான இரண்டு அரபுத் தலைவர்களை ஆதரித்து, அவரவர் ஆளைப் புகழ்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தன. இந்திய அரசின் அச்சத்துக்கு ஆதாரமும் இருந்தது. அப்போது மக்காவில் தங்கியிருந்த தேவ்பந்து அறிஞர் மௌலானா மஹ்மூத் ஹசன், துருக்கியரைக் கண்டிக்கும் மார்க்கத் தீர்ப்பில் கையெழுத்திட மறுத்தார். ஷரீஃப் அவரைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைக்க, மால்டாத் தீவில் 1920 வரை சிறையிருந்தார்.

1917 மே மாதம் சைக்ஸும் பிக்கோவும் ஜித்தாவுக்கே வந்து ஹுசைனைச் சந்தித்தார்கள். மார்ச்சில் பிரிட்டிஷ் படை பாக்தாதைப் பிடித்திருந்தது. அங்கே பிரிட்டன் எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியே சிரியக் கடற்கரையில் பிரான்சும் நடந்துகொள்ளட்டும் என்று ஹுசைன் ஒப்புக்கொண்டார். பாக்தாத் ஒருநாள் தன்னிடமே வரும் என்று மக்மஹோனின் கடிதங்களைக் கொண்டு அவர் நம்பியிருந்தார். பிரிட்டன் அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள எண்ணியிருந்தது பிக்கோவுக்குத் தெரியும். எல்லாவற்றையும் உடனிருந்து பார்த்த வில்சன், கிழவரிடம் விஷயத்தைத் திறந்து சொல்லவில்லை என்று வருந்திக் கிளேட்டனுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அது கோப்பில் சேர்ந்தது.

அந்த நவம்பரில் ரஷ்யாவின் போல்ஷெவிக்குகள் இரகசிய ஒப்பந்தத்தை வெளியிட, ஜமால் பாஷா அதைக் காட்டிச் சமாதானம் பேச ஹுசைனின் மகன் ஃபைசலுக்குக் கடிதம் எழுதினார். ஹுசைன் அந்தக் கடிதத்தைத் தன் நட்பு நாட்டுக்கே அனுப்பி விளக்கம் கேட்டார். 1918 பிப்ரவரி 8 தேதியிட்டு வில்சனின் இடத்திலிருந்த பாசெட் லண்டன் சார்பில் எழுதிய பதில், துருக்கியர் ஐயத்தை விதைக்கிறார்கள் என்றது, அனுப்பியவரின் நேர்மையைப் பாராட்டியது, அரபு மக்களின் விடுதலையில் அரசு உறுதியாயிருப்பதாகச் சொன்னது. ஒப்பந்தம் உண்டா இல்லையா என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஹுசைன் மனநிறைவோடு அந்தக் கடிதத்தை மற்றவற்றோடு பத்திரப்படுத்தினார்.