திருத்தங்கள் இல்லாத ஒளிப்பதிவு

“திருத்தம் சொல்லும்போது மட்டும் பதிவு வேண்டாம்” என்று நடன வகுப்பில் அந்த மூத்த ஆசிரியை கேட்டுக்கொண்டார். நான் கேமராவை நிறுத்தினேன். நிறுத்தியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த முடிவு என்னை விட்டபாடில்லை.

கற்பிக்கப்பட்டது, நவீன நடனத்தின் முன்னோடியான அமெரிக்கக் கலைஞர் இசடோரா டங்கனின் ‘தாய்’. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் பியானோ இசைக்கு, கண்ணுக்குத் தெரியாத குழந்தைகளை அணைத்து, வருடி, வழியனுப்பும் ஒரு பெண்ணின் நடனம் அது. 1913இல் பாரிசில் தம் இரு குழந்தைகளைச் சேன் நதிக்குப் பறிகொடுத்த இசடோரா அமைத்தது. வழியனுப்பும் இடத்தில் இளம் நடனக்கலைஞர் கையைத்தான் முதலில் விலக்கினார். ஆசிரியை அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, குழந்தையின் தலை இருக்கும் உயரத்திலேயே விரல்களை நிறுத்தி, மார்பு மட்டும் முதலில் பின்வாங்கும்படி மறுபடி மறுபடி செய்யவைத்தார். அசைவு மார்புக்கூட்டின் நடுவிலிருந்து பிறக்க வேண்டும் என்ற இசடோராவின் கொள்கையை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது உடம்பில் இறங்குவதை அப்போதுதான் பார்த்தேன்.

“தவறான அசைவு பதிவில் இருந்தால், நாளைக்கு யாராவது அதையே பாடமாக எடுத்துக்கொள்வார்கள்” என்றார் ஆசிரியை. அதில் நியாயம் இருக்கிறது. இசடோராவே தம் ஆட்டத்தைப் படமெடுக்க இசையாதவர். அவர் ஆடுவதாகச் சொல்லப்படும் சில நொடித் துண்டுப்படம் ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது. மற்றவை எல்லாம் புகைப்படங்கள், ஆபிரகாம் வால்கோவிட்ஸ் வரைந்து குவித்த ஓவியங்கள், கடிதங்கள். ஆட்டம் உயிர் பிழைத்தது 1904இல் பெர்லினை அடுத்த குரூனவால்டில் அவர் தொடங்கிய பள்ளியால், அங்கிருந்து வளர்ந்து டங்கன் என்ற பெயரையே ஏற்றுக்கொண்ட இர்மா, அன்னா முதலிய ஆறு மாணவியரால், அவர்கள் அடுத்தவர் உடம்பைத் தொட்டுத் திருத்தியதால்.

என் சங்கடமும் அங்கேதான் தொடங்குகிறது. முழுமையாக ஆடிய ‘தாய்’ வெவ்வேறு கலைஞர்களின் பதிவுகளாக ஏற்கெனவே கிடைக்கிறது. மரபைக் கடத்துவது திருத்தம் என்றால், நான் விட்டுவிட்டது உபரியான பகுதி அல்ல. அன்று மாலை குறிப்பு எழுதிவைத்தேன். மணிக்கட்டு, விரல், மார்பு எல்லாம் அதில் இருக்கின்றன, அந்தப் பிடியின் அழுத்தம் இல்லை. அதேசமயம், கேமரா ஓடியிருந்தால் ஆசிரியை அப்படித் தொட்டுத் திருத்தியிருப்பாரா என்பதும் சந்தேகமே.

தம் காலத்துக்குப் பிறகே ஆய்வாளர்களுக்குத் திறக்கப்படும் என்ற நிபந்தனையோடு திருத்தங்களையும் பதிவு செய்ய இசைவாரா என்று அடுத்த வகுப்பில் அவரிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். அவருடைய வயதில் ஒருவரிடம் அப்படிக் கேட்பதே வற்புறுத்தலாகிவிடுமோ என்றும் தோன்றுகிறது.