பாப்பாவின் காலேஜ் சீட்டும் ஒரு ஃபைல் சான்றிதழும்

மே 8, 2025, வியாழன்

கோயம்பேட்டில் தக்காளி இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரியை நெருங்கும்போது தங்கச்சி பாப்பாவிடமிருந்து போன். பிளஸ் டூ ரிசல்ட். கணக்கு 93, இயற்பியல் 88, வேதியியல் 90. ஓரங்கட்டி நிறுத்திக் கணக்குப் போட்டேன். கணக்கு மார்க் முழுசாக, மற்ற இரண்டும் பாதிப் பாதி. இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கட்ஆஃப் 182! எங்கள் வீட்டில் நான் ஐ.டி.ஐ. வரை, அப்பா எட்டாவது, அம்மா ஐந்தாவது. தங்கச்சி இன்ஜினியரிங் படிக்கப் போகிறாள் என்று நினைக்கும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது.

மே 10

பள்ளிக்கூடத்துக்குப் போய் சாரைப் பார்த்தோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும் என்றார். பாப்பா முகம் மலர்ந்தது. பழைய டி.சி.யைப் பார்த்ததும் சார் நிறுத்திவிட்டார். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டுமாம். பாப்பா ஆறாவது மட்டும் தனியார் பள்ளி. அப்பா கடன் வாங்கிச் சேர்த்தார், அடுத்த வருஷம் ஃபீஸ் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். அந்த ஒரே வருஷத்தால் 7.5-ம் இல்லை, மாசம் 1,000 ரூபாய் வரும் புதுமைப்பெண் திட்டமும் இல்லை.

வீட்டுக்கு வரும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். இதில் அவர் தப்பு என்ன இருக்கிறது?

மே 14

சரி, மற்ற வழிகளைப் பார்ப்போம் என்று பாலக்கோடு இ-சேவை மையத்துக்குப் போனேன். வருமானச் சான்றிதழுக்கும், வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்குத் தரும் முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் விண்ணப்பித்தாயிற்று. எம்.பி.சி. உதவித்தொகைக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாங்கள் அதற்குள்தான்.

மே 21

முதல் பட்டதாரிக்கு விசாரணை. தாத்தா ஆயா தொடங்கி வீட்டில் யாரெல்லாம் என்ன படித்தார்கள் என்று எழுதி, கூட்டு உறுதிமொழியில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆயாவை வண்டியில் வைத்துக் கூட்டிப்போனேன். வி.ஏ.ஓ. மை டப்பாவைத் திறந்து வைத்தார். ஆயா கட்டை விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எந்த எடத்துல சாமி?" என்று கேட்டு, பாப்பாவின் பெயருக்கு நேராக அழுத்தி வைத்தது. ரேகை பாதிக்குமேல் தேய்ந்துபோயிருந்தது. இரண்டாவது தடவைதான் பதிந்தது.

மே 27

ஒரு தனியார் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். பாப்பாவின் மார்க்குக்கு 50 சதவீதம் மெரிட் ஸ்காலர்ஷிப் தருகிறார்களாம். ஒரிஜினல் டி.சி.யும் 10,000 ரூபாய் முன்பணமும் இன்றே கொடுத்தால் சீட் உறுதி. அம்மா பீரோ சாவியைத் தேடப் போய்விட்டாள்.

நான் மண்டிச் சிட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டேன். முழு ஃபீஸ் எவ்வளவுங்க? 1,60,000. சலுகை நாலு வருஷத்துக்குமா? முதல் வருஷத்துக்கு மட்டும், அப்புறம் அரியர் இல்லாவிட்டால் பார்க்கலாம். அப்படியென்றால் 80,000-த்தோடு மூணு தரம் 1,60,000. மொத்தம் 5,60,000. ஹாஸ்டல் தனி. கல்லூரியே நேரடியாகத் தரும் மேனேஜ்மென்ட் சீட் என்பதால் முதல் பட்டதாரி சலுகையும் போய்விடும். அது அரசுக் கவுன்சிலிங் வழியாகப் போகிறவர்களுக்குத்தான். சிட்டையை அப்பாவிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோங்க" என்று எழுந்துகொண்டார்.

அவர்கள் தருவது உதவித்தொகை அல்ல, விலையை ஏற்றி வைத்துவிட்டுக் குறைப்பது. ஒரிஜினல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தால் தயவுசெய்து பீரோ சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஜூன் 4

கவுன்சிலிங் பதிவு முடிந்தது. பேங்க் வேலைதான் இழுத்தது. "ஆதார் லிங்க் ஆகிடுச்சு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உதவித்தொகை, ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு டி.பி.டி.க்கு (அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வரும் முறை) இணைந்திருக்கிறதோ அதற்குத்தான் போகும். பாப்பாவின் ஆதார், ஒன்பதாவதில் தொடங்கிய ஒரு பழைய கணக்கில் மாட்டியிருந்தது. அது இப்போது முடங்கிக் கிடக்கிறது. புதுக் கணக்குக்கு மாற்ற ஃபாரம் கொடுத்தோம். ஆதார் வெப்சைட்டிலேயே எந்த பேங்க் என்று பார்த்துக்கொள்ளலாம், இரண்டு நிமிஷ வேலை.

ஜூன் 27

ரேங்க் லிஸ்ட் வந்தது. பாப்பா தானே தேடி இன்னொன்றும் கண்டுபிடித்திருக்கிறாள். தொழில்நுட்பப் படிப்புகளுக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை. டெக்னிக்கல் படிப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு வருஷம் 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கணும், மார்க் அடிப்படையில் தேர்வு. வேறு அரசு உதவித்தொகை வாங்கினால் இது கிடையாது. எது லாபம் என்று சீட் கிடைத்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அவளே நோட்டில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

ஜூலை 15

மண்டியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. இ-சேவை மையத்திலிருந்து பாப்பா போன். கவுன்சிலிங்குக்கு எந்தக் கல்லூரி வேண்டும் என்ற விருப்பப் பட்டியலை வரிசையாக வாசித்தாள். முதலில் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, அப்புறம் நம்ம தருமபுரி செட்டிக்கரை, அப்புறம் சேலம் கருப்பூர். மூன்றிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கடுத்து இ.சி.இ. பக்கத்தில் அப்பாவின் குரல்: "பர்கூரு மேல இருக்குதா பாரு." இருக்கிறது, இருக்கிறது என்றாள்.

பட்டியலை இனி மாற்றாதபடி லாக் செய்வதற்கான ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வந்தது. ஒவ்வொரு எண்ணாக நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்.