ஒரு மணி நேரம், இரண்டு ஆள்: மெல்பர்ன் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 2, 2020, ஞாயிறு

மாநில முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் தொலைக்காட்சியில் பேசி முடித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "அப்படியானால் நடைக்கு என்ன வழி?"

கொரோனாவுக்கான நான்காம் கட்டக் கட்டுப்பாடு இன்று மாலை 6 மணியிலிருந்து. இரவு 8 முதல் காலை 5 வரை வெளியே தலை காட்டக் கூடாது. கடைக்கு வீட்டிலிருந்து ஒருவர், நாளுக்கு ஒரு தடவை. உடற்பயிற்சிக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம், அதுவும் ஒரே தடவை, வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள். சேர்ந்து போனால் இரண்டு பேர்தான். ஒரே வீட்டாராக இருந்தாலும் மூன்றாவது ஆள் கூடாது.

அப்பா மன்னார்குடிக்காரர். ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் நான்கு கரையையும் விடியற்காலையில் சுற்றி வந்து, தென்கரையில் டீ குடித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று பிப்ரவரியில் வந்தவர், விமானம் நின்றுபோய் ஆறாவது மாதத்தில் இருக்கிறார். நடையும் இல்லையென்றால் மனிதர் என்னதான் செய்வார்?

ஆகஸ்ட் 3, திங்கள்

முகவரியைக் கொடுத்தால் 5 கிலோமீட்டர் வட்டம் போட்டுக் காட்டும் இணையதளத்தில் கிளேட்டனில் உள்ள எங்கள் வீட்டை வைத்துப் பார்த்தோம். மொனாஷ் பல்கலைக்கழகம் உள்ளே. கார்காரூக் பூங்கா ஏரி மயிரிழையில் உள்ளே. ஜெல்ஸ் பார்க் வெளியே, மோர்டியாலக் கடற்கரை வெளியே, கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் எங்கோ வெளியே. கோயில் இருக்கும் திசையை அப்பா திரையில் விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்தப் பக்கமாக ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார்.

பிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முழங்கால் வலியோடு அப்பா ஒரு மணி நேரத்தில் மூன்றரை கிலோமீட்டர் நடப்பார். போனவர் திரும்பியும் வர வேண்டும் அல்லவா? ஆக எங்கள் வட்டத்தின் ஆரம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். மிச்சமெல்லாம் ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும்.

ஆகஸ்ட் 5, புதன்

இன்று 725 பேருக்குத் தொற்று. மகளுக்கு ஜூலையிலிருந்தே மறுபடியும் வீட்டிலிருந்துதான் பள்ளி.

ஆகஸ்ட் 8, சனி

சிக்கல் இதுதான். அப்பாவைத் தனியே அனுப்ப முடியாது. மார்ச்சில் ஒரு நாள் தனியே போய், எல்லா வீடும் ஒரே மாதிரி ஓடு, ஒரே மாதிரி வேலி என்று ஒன்றரை மணி நேரம் சுற்றியிருக்கிறார். காதும் மந்தம். கணவருக்கு மருத்துவமனைத் துணி வெளுக்கும் பிரிவில் இரவு வேலை. பகலில் தூங்காவிட்டால் ஆள் நிற்க மாட்டார். எனக்குக் கிடைக்கும் வெளிச்சமான இடைவெளி மதியம் 12 முதல் 1 வரை. சூரியன் ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. வேலை முடிந்து எழுந்தால் வெளியே கும்மிருட்டு.

அந்த ஒரு மணி நேரத்தை அப்பாவுக்குக் கொடுத்தால் மகளுக்கு இல்லை. மகளுக்குக் கொடுத்தால் அப்பாவுக்கு இல்லை. மூன்று பேராகப் போனால் ஆளுக்கு 1,652 டாலர் அபராதம் என்கிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று முறை வைத்தேன். அப்பாவின் நாளில் மகள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். மகளின் நாளில் அப்பா கொல்லைப்புறத்தில் துணி காயும் கம்பியைச் சுற்றுகிறார். நாற்பது சுற்றாம். எண்ணிச் சொன்னார். புகார் மாதிரி சொல்லவில்லை என்பதுதான் கஷ்டம்.

ஆகஸ்ட் 12, புதன்

இன்று அப்பாவின் நாள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓவல் மைதானம் இருக்கிறது. கோடையில் கிரிக்கெட், குளிரில் அவர்களுடைய கால்பந்து. இப்போது இரண்டும் இல்லை. அப்பா அதைக் குளமாக்கிக்கொண்டார். கோல் கம்பம் இருக்கும் பக்கம் வடகரை, கழிப்பறைக் கட்டடம் தென்கரை. வலமாகத்தான் சுற்றுவேன் என்கிறார். இந்த ஊர்க்காரர்களோ பெரும்பாலும் இடமாகச் சுற்றுகிறார்கள், ஆகையால் ஒவ்வொரு சுற்றிலும் அத்தனை பேரையும் எதிரெதிரே சந்திக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒன்றரை மீட்டர் ஒதுங்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு வணக்கம்.

முகக்கவசம் போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறதாம். துண்டால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறார். துணியால் மூடியிருந்தால் போதும் என்பதுதான் விதி. இல்லாவிட்டால் 200 டாலர். வேட்டி, கம்பளிக் கோட்டு, துண்டு முண்டாசு, கையில் குடை. மூன்றாவது சுற்றில் ஒரு கிழவர் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மகள் சாப்பிடும்போது கேட்டாள்: "நானும் தாத்தாவும் இரண்டு பேர்தானே?"

நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு வாரமாக இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. என் மனக்கணக்கில் அவர்கள் இருவருமே 'கூட்டிப் போக வேண்டியவர்கள்' பட்டியலில் இருந்தார்கள். ஒன்பது வயதுக்காரிக்கு வழி தெரியும், ஆங்கிலம் தெரியும், காது கேட்கும். எழுபத்திரண்டு வயதுக்காரருக்குச் சாலையை எப்படிக் கடப்பது என்று தெரியும், அவசரம் கிடையாது. இருவரையும் கூட்டினால் ஒரு முழு ஆள் தேறும்.

ஓவல் வரைக்கும்தான், ஒரே ஒரு சாலைதான், அலைபேசி மகள் கையில் என்று ஆயிரம் நிபந்தனை போட்டேன். போய் வந்தார்கள். நான் அந்த 58 நிமிடமும் வாசலிலேயே நின்றிருந்தேன்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

என் ஒரு மணி நேரம் எனக்கே திரும்பிக் கிடைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலில் புரியவில்லை. தனியாக நடந்து எத்தனை வருடம் ஆயிற்று!

ஜெரிங் பாதையில் போனேன். கிளேட்டனில் தண்டவாளத்தைத் தூண்கள் மேல் தூக்கிவிட்டபின் அதன் கீழே நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போட்ட பாதை. கால்ஃபீல்டிலிருந்து டாண்டினாங் வரை போகிறது. ஜெரிங் என்றால் இந்த மண்ணின் பூன்வுரங் மக்களின் மொழியில் 'சேர்ந்து' என்று பொருள். இரண்டு பேருக்கு மேல் சேரக் கூடாத நாட்களில் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போவது விநோதமாக இருந்தது. தலைக்கு மேல் ரயில் போனது. ஜன்னல்களில் விளக்கு எரிந்தது, ஆள் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் உறை போர்த்திய செடி. குளிருக்குப் போர்த்தியிருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, கறிவேப்பிலை. நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். யாழ்ப்பாணம். வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இரண்டு கொத்து ஒடித்துத் தபால் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். எடுத்துக்கொண்டேன். உடற்பயிற்சியில் இது சேருமா என்று தெரியவில்லை. மிச்சத் தூரத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன், ஆகையால் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 22, சனி

பிள்ளையார் சதுர்த்தி. அருகம்புல்லுக்கு எங்கே போவது என்று நான் அலட்டிக்கொண்டிருக்க, தாத்தாவும் பேத்தியும் கை நிறையக் கொண்டு வந்தார்கள். இங்கே 'கௌச்' என்று சொல்லும் புல்லும் அருகம்புல்லும் ஒன்றேதான் என்று அப்பா கண்டுபிடித்திருக்கிறார். ஓவலின் வேலியோரம் முளைத்துக் கிடக்கிறது. குளிரில் பாதி பழுத்திருந்தாலும் கணுவும் மூன்று இதழும் சரியாக இருந்தன. எருக்கம்பூவுக்கு வழியில்லை.

ஆகஸ்ட் 28, வெள்ளி

நேற்று மாலை பேய்க்காற்று. மரங்கள் விழுந்து உயிர்கள் போயிருக்கின்றன, அவற்றில் ஒன்று குழந்தை. கிழக்குப் புறநகர்கள் பலவற்றில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்று யாரையும் வெளியே அனுப்பவில்லை.

செப்டம்பர் 3, வியாழன்

மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை அப்பாவைக் கொத்திவிட்டது. இதற்கு இரண்டு வாக்குமூலங்கள் இருக்கின்றன.

மகள் சொன்னது: தாத்தா கிழக்குக் கரையில் யூகலிப்டஸ் மரத்தடியில் நின்று அலைபேசியில் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து முண்டாசில் அடித்துவிட்டு மேலே போய் உட்கார்ந்தது. தாத்தா "அடியே!" என்று கத்தினார். மறுபடி வந்தது.

அப்பா சொன்னது: ஒன்றும் ஆகவில்லை. காக்கை மாதிரிதான்.

இது அவற்றின் குஞ்சு பொரிக்கும் காலம். ஆண் பறவை கூட்டைக் காக்கிறது. சைக்கிள்காரர்கள் தலைக்கவசத்தில் முள்ளம்பன்றி மாதிரி பிளாஸ்டிக் குச்சிகளைக் குத்திக்கொண்டு போவது இதற்காகத்தான். முகங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் பறவை என்பார்கள். எல்லோரும் முகத்தை மூடித் திரியும் இந்த வருடம் அது எதை வைத்து ஆளை அடையாளம் காண்கிறதோ. அப்பாவின் முண்டாசு என்றால் சிரமமே இல்லை.

மகள் காகிதத்தில் இரண்டு பெரிய கண்கள் வரைந்து குடையின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறாள். திருஷ்டிப் பொம்மைக் கண்கள் போலவே இருக்கின்றன.

செப்டம்பர் 6, ஞாயிறு

இங்கே இன்று தந்தையர் தினம். தளர்வுகளுக்கான படிப்படியான திட்டத்தையும் இன்றே அறிவித்திருக்கிறார்கள். முதல் படி 14ஆம் தேதி: உடற்பயிற்சிக்கு இரண்டு மணி நேரம். "ஒரு மணி நேரமே முழங்காலுக்குப் போதும்" என்றார் அப்பா.

செப்டம்பர் 14, திங்கள்

இரண்டு மணி நேரம், இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டார் எல்லோரும் சேர்ந்தே போகலாம். ஆகஸ்ட் 8ஆம் தேதி இது கிடைத்திருந்தால் நான் அழுதிருப்பேன். இன்று நான்கு பேரும் கிளம்பினோம். ஓவலுக்குப் பக்கத்துக் குழந்தைகள் பூங்காவில் மஞ்சள் நாடாவை அவிழ்த்துவிட்டார்கள். மகள் எங்களைத் திரும்பியும் பார்க்காமல் ஊஞ்சலுக்கு ஓடிவிட்டாள். கணவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினார். அப்பா தனியே வலம் சுற்றினார். எல்லோரும் சேர்ந்து நடந்தது வீட்டு வாசலிலிருந்து முனை வரைக்கும்தான்.

செப்டம்பர் 17, வியாழன்

மகாளய அமாவாசை. என் தாத்தா, பாட்டி, அம்மா மூவருக்குமாகப் படைத்துவிட்டு அப்பா பின்வேலியில் சோறு வைத்தார். இங்கே காக்கை என்று நாங்கள் சொல்வது கொஞ்சம் பெரிய சாதி. குழந்தை அழுவது மாதிரி இழுத்துக் கத்தும். அரை மணி நேரம் கூப்பிட்டும் அது வரவில்லை. வந்தது மேக்பை.

அதே பறவையா என்று மகள் கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. அது சாப்பிட்டு முடிக்கும் வரை கைகட்டி நின்றார். நாளையிலிருந்து குடை வேண்டாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 25, வெள்ளி

மாலை நடை முடிந்து திரும்பும்போது எஸ்.பி. பாலசுப்ரமணியம் சென்னையில் இறந்துவிட்ட செய்தி வந்தது. ஓவலைச் சுற்றும்போது அப்பா கேட்பதில் பாதி அவர் குரல்தான். அலைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 4, ஞாயிறு

கோடைகால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். இனி வேலை முடிந்தபின்பும் வெளிச்சம் இருக்கும். "திருடின ஒரு மணி நேரத்தை இப்போதுதான் திருப்பித் தருகிறான்" என்று அப்பா சொன்னார். காலையில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் தருகிறார்கள் என்று நான் விளக்கப் போகவில்லை.

அக்டோபர் 12, திங்கள்

இரண்டு இழப்பு. துண்டு இனிச் செல்லாது. முகத்தோடு ஒட்டிய கவசம்தான் வேண்டும். ஆவி படிந்த கண்ணாடியோடு அப்பா கதவு நிலையில் இடித்துக்கொண்டார். இரண்டாவது, தொடக்கப்பள்ளி திறந்துவிட்டது. மகள் பையை மாட்டிக்கொண்டு சிட்டாகப் பறந்தாள். சாயங்காலம் தாத்தாவோடு போகிறாயா என்றால், தோழியோடு பூங்காவுக்குப் போக வேண்டுமாம்.

ஓவலுக்கு வழி அப்பாவுக்கு இப்போது மனப்பாடம். "தபால் பெட்டி சிவப்பு, அடுத்தது எலுமிச்சை மரம், அதற்கடுத்து குரைக்கிற நாய்" என்று ஒப்பித்துக் காட்டிவிட்டுத் தனியே போனார். நான் வாசலில் நின்றேன்.

அக்டோபர் 19, திங்கள்

வட்டம் 25 கிலோமீட்டராயிற்று. நேர வரம்பு இல்லை. மாலை மோர்டியாலக் போனோம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்தார். நீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. "குளமே தேவலை" என்றார். மணலில் அவரால் நடக்க முடியவில்லை, கால் மணி நேரத்தில் காருக்குத் திரும்பிவிட்டோம்.

அக்டோபர் 26, திங்கள்

விஜயதசமி. புதிய தொற்று இன்று பூஜ்யம். நாளை நள்ளிரவுக்குக் கடைகள் திறக்க அனுமதி. பூஜையில் வைத்த புத்தகத்தை மகள் எடுத்து ஒரு பக்கம் படித்தாள்.

கடை திறந்ததும் முதல் வேலை அப்பாவுக்குக் காலணி வாங்குவது என்றேன். மன்னார்குடியில் வாங்கி வந்த கான்வாஸ் ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தோம். இத்தனை நாள் வலமாகவே சுற்றியதில் இடது ஷூவின் குதிகால் வெளியோரம் மட்டும் தேய்ந்து, உள்ளே துணி தெரிகிறது. வலது புதிது போல இருக்கிறது.

"ஒன்றுக்காக இரண்டையும் ஏன் தூக்கிப் போட வேண்டும்? நாளையிலிருந்து இடமாகச் சுற்றுகிறேன்" என்கிறார்.