வெறும் வயிற்றோடு போய்த் திரும்பிய கதை

இரண்டு முறை சாப்பிடாமல் போனேன். முதல் முறை ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

உண்ணல் கோளாறு உள்ளவர்களின் பசி ஹார்மோன்களையும் யோசிக்கும் திறனையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு அது. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் அனோரெக்சியாவிலிருந்து மீண்டு வருகிற நானும் பெயர் கொடுத்திருந்தேன். போன் விசாரணை, ஒப்புதல் படிவம் எல்லாம் சுலபமாக முடிந்தன. முந்தின இரவிலிருந்து தண்ணீர் மட்டும்தான். காலையில் போய் நின்றால் வரவேற்பில் இருந்தவர், "பட்டினி இருக்கலாம்னு உங்க டாக்டர் கொடுத்த கடிதம் எங்கே?" என்றார். மின்னஞ்சல் இணைப்பின் நான்காம் பக்கத்தில் போட்டிருந்தார்களாம். விதி நியாயமானதுதான், எங்களைப் போன்றவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு வேளைதானே, இன்னொரு நாள் இப்படியே வாங்க" என்றதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்று காலைப் பசி எனக்குக் கஷ்டமாகவே இல்லை. பழைய தோழி திரும்பி வந்ததுபோல் இதமாக இருந்தது. பயமே அதுதான். வெளியே வந்து அக்காவுக்கு போன் போட்டு, அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே சாப்பிட்டு முடித்தேன். நீங்களும் யாரிடமாவது முன்பே சொல்லிவைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்த முறை கடிதம் இருந்தது. எடை பார்க்கும்போது திரும்பி நிற்கிறேன் என்றேன். நர்ஸ் சரி என்றார். அப்புறம் எழுதுபவரிடம் எண்ணை உரக்கப் படித்துவிட்டார்! அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது ஐஸ் இல்லை. கிரெலின் என்ற பசி ஹார்மோனின் செயல்படும் வடிவம் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் குழாயைக் குளிரில் வைத்தே ஆகவேண்டும். ஐஸ் வரும்வரை கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிரெலின் பெரும்பாலும் இரைப்பையிலிருந்து வருவது, பசியைத் தூண்டும். லெப்டின் கொழுப்புச் செல்களிலிருந்து வருவது, பசியை அடக்கும். அனோரெக்சியாவில் எடை மிகவும் குறைந்திருக்கும்போது பொதுவாக முதலாவது கூடியும் இரண்டாவது குறைந்தும் இருக்கும் என்று ஆய்வு உதவியாளர் சொன்னார். பசிக்கவே இல்லை என்று நான் சாதித்த வருடங்களில் உடம்பு கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கும் சோதனை பரவாயில்லை. அட்டை அடுக்குவதில்தான் மாட்டிக்கொண்டேன். நிறம் பார்த்து அடுக்க அடுக்க 'சரி' என்றே வந்தது. திடீரென்று 'தவறு'. சொல்லாமலே விதியை மாற்றுவார்கள், நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். நானோ ஆறேழு அட்டைக்கு நிறத்தையே பிடித்துத் தொங்கினேன். தட்டில் இருப்பதை எண்ணி எண்ணிச் சாப்பிட்ட அதே பிடிவாதம். ஏழாவதோ எட்டாவதோ, வடிவத்துக்குத் தாவியதும் 'சரி' வந்தது. பரீட்சையில் பாஸானதுபோல் நாற்காலியிலேயே சிரித்துவிட்டேன்.

முடிந்ததும் கொடுத்த சிற்றுண்டியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். கிளம்பும்போது, கடிதம் பற்றிய வரியை மின்னஞ்சலின் முதல் வரியாகப் போடச் சொல்லி, அதே வரவேற்பு மேஜையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த சுற்றுக்கான மின்னஞ்சல் நேற்று வந்தது. முதல் வரியே அதுதான், தடித்த எழுத்தில்.