கோம்பியில் சீட்டைக் கழற்றி மாட்டும்போது

தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பல வீட்டு முற்றங்களில் இதைப் பார்க்கலாம். கோம்பி என்கிற மினிபஸ்ஸின் கடைசி இரண்டு சீட்டுகள் சுவரோரம் சாய்ந்து நிற்கும். வண்டிக்குள் காவடித் தண்டு, பெரிய சட்டிகள், கேஸ் அடுப்பு, மடக்கு நாற்காலி என்று சாமான் ஏறும். ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் இப்படித்தான் வண்டியைக் காலி பண்ணுவார்கள். விழா முடிந்ததும் சீட்டு திரும்ப உள்ளே போகும். கழற்றிய போல்ட் எட்டு, திரும்பப் பூட்டியது ஏழு. எட்டாவதை யாரும் தேடுவதில்லை, சீட்டுதான் ஆடவில்லையே!

நிற்கிற வண்டியில் ஆடாத சீட்டு, மோதலிலும் நிற்கும் என்று நினைப்பது ஆபத்தான நினைப்பு. எவ்வளவு ஆபத்து என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நாலு பேர் உட்காரும் பெஞ்சு சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு 35 கிலோ, ஆளுக்கு 70 கிலோ, மொத்தம் 315 கிலோ. பலமான மோதலில் இந்த எடை 10 மடங்காக முன்பக்கம் தள்ளும் என்று வைத்துக்கொண்டால் 3,150 கிலோ. 10 மடங்கு என்பது மனம்போன கணக்கு அல்ல. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 14ஆம் விதியில், 8 பயணிகளுக்கு மேல் ஏற்றும், 5 டன்னுக்கு மிகாத வண்டியில், பெல்ட் இழுப்போடு சேர்த்து சீட்டின் எடையைப் போல 10 மடங்கு விசை கொடுத்துச் சோதிக்கிறார்கள். காருக்கு 20 மடங்கு.

அந்த 3,150 கிலோவும் தரையில் தள்ளுவதில்லை, இடுப்பு உயரத்தில் தள்ளுகிறது. அதாவது தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் மேலே. சீட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி 35 சென்டிமீட்டர்தான். ஆகவே சீட்டு முன்காலை ஊன்றிக்கொண்டு கவிழப் பார்க்கும், பின்கால்கள் மேலே பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். 3,150 ஐ 50 ஆல் பெருக்கி 35 ஆல் வகுத்தால் 4,500 கிலோ. பின்கால் இரண்டென்றால், காலுக்கு 2,250 கிலோ மேல்நோக்கி இழுக்கும். பெல்ட் சீட்டிலேயே பூட்டியிருக்கும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு முழுவதும் பொருந்தும். பெல்ட் பக்கச் சுவரில் பூட்டியிருந்தால் சுமை குறையும். ஆனால் பின்னால் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பவர் வந்து மோதும் சுமையைச் சீட்டுதான் தாங்க வேண்டும்.

இப்போது போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8 என்று வலு எண் பொறித்திருக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட், அதாவது எம்10, மூன்றரை டன் வரைக்கும் நீளாமல் தாங்கும். ஹார்ட்வேர் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும் 4.6 ரகம், அதே பருமன், பார்வைக்கு அதே மினுமினுப்பு. அது 1.4 டன்னிலேயே நீளத் தொடங்கி 2.3 டன் அளவில் அறுந்துபோகும். மேலே வந்த 2,250 கிலோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எம்8 போட்டால் அதற்கும் கீழே. தலையில் எண் எதுவுமே இல்லாத போல்ட்டைச் சீட்டின் பக்கமே கொண்டுவராதீர்கள். தொலைந்த போல்ட்டுக்குப் பதில் அதே பருமன், அதே இழை, அதே நீளம், அதே எண் அல்லது அதற்கு மேல். எவர்சில்வர் போல்ட் துருப்பிடிக்காது என்று சிலர் போடுகிறார்கள். சாதாரண எவர்சில்வர் 8.8 அளவுக்கு வலுவானது அல்ல என்பதால் அதுவும் வேண்டாம்.

பெல்ட் போல்ட் தனி இனம். பெரும்பாலான வண்டிகளில் அது மில்லிமீட்டர் அளவே இல்லை, 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 இழை. அது தொலைந்தால் கைக்கு அகப்படும் எம்10 ஐப் போட்டுவிடுகிறார்கள். எம்10 அந்த நட்டுக்குள் தொளதொளவென்று இறங்கும், முறுக்கினால் பிடித்த மாதிரியும் தெரியும். இழை விளிம்பில்தான் பிடித்திருக்கும், ஓர் இழுப்புக்கு வந்துவிடும்.

கழற்றும்போதே மாட்டுவதற்கான வேலை தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சீட்டின் போல்ட்டையும் தனிப் பையில் போட்டு, எந்த வரிசை, முன்காலா பின்காலா என்று எழுதி, பையை அந்தச் சீட்டிலேயே கட்டிவிடுங்கள். முன் சீட்டைக் கழற்றுவதானால் சீட்டுக்கு அடியில் மஞ்சள் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவியின் வயர். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிக் குறைந்தது 90 விநாடி பொறுத்த பிறகே அதைத் தொடலாம். பேட்டரி இணைப்பில் இருக்கும்போது அந்தப் பிளக்கைப் பிடுங்கக்கூடாது.

மாட்டும்போது முதலில் தரையில் உள்ள நட்டு ஓட்டைகளைச் சுத்தம் செய்யுங்கள். மணல், அரிசி, காய்ந்த மாவு எல்லாம் அங்கே போய்ச் சேரும். எல்லாப் போல்ட்டுகளையும் கையாலேயே மூன்று நாலு சுற்று இறக்குங்கள். கையால் இறங்காத போல்ட்டை ஸ்பேனரால் இறக்கக்கூடாது. கோணலாகப் பிடித்த இழை அங்கேதான் நாசமாகும். ஒன்றைக்கூட இறுக்காமல் அத்தனையும் கையால் இறங்கிய பிறகு, குறுக்குக் குறுக்காகப் பாதி இறுக்கம், அதன்பின் இறுக்கத்தின் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முழு இறுக்கம். எம்10 8.8 போல்ட்டுக்குப் பொதுவாக 45 நியூட்டன் மீட்டர் அளவில் சொல்வார்கள். ஆனால் உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. 45 என்பது 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 15 கிலோ அழுத்தம். குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்குகிற இறுக்கம் அல்ல. அப்படி இறுக்கினால் தரைக்கு அடியில் வெல்ட் செய்திருக்கும் நட்டு பிய்ந்து சுழல ஆரம்பிக்கும். சுழலும் நட்டில் போல்ட் எவ்வளவு திருகினாலும் இறுகாது, கழற்றவும் வராது. அதைப் பேனல் பீட்டரிடம், அதாவது வண்டித் தகர வேலை செய்பவரிடம் கொண்டுபோய்ப் புது நட்டு வெல்ட் செய்வதுதான் வழி. பக்கத்தில் புது ஓட்டை போடுவதோ தகரத் திருகு போடுவதோ வழி அல்ல.

போல்ட் தாங்கினாலும் தகரம் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. தொழிற்சாலையில் சீட்டு வைக்கும் இடத்தில் தரைக்கு அடியில் கனமான இரும்புப் பட்டை கொடுத்திருப்பார்கள். மற்ற இடத்தில் தரை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தகரம்தான். அதில் ஓட்டை போட்டு, ஒரு சின்ன வாஷரை வைத்து நட்டைப் பூட்டினால், மோதலில் வாஷரோடு சேர்ந்து தகரத்தைத் துளைத்துக்கொண்டு போல்ட் மேலே வந்துவிடும். போல்ட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சாமான் ஏற்றும் பேனல் வேன் வாங்கி, ஜன்னல் வெட்டி, சீட்டுப் போட்டு டாக்ஸியாக ஓட்டிய விவகாரம் இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. அரசு அமைப்புகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் விசாரிக்கும் அளவுக்குப் போனது. பழைய கோம்பி வாங்குகிறவர்கள் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டுக் கால்களுக்கு நேர் கீழே தொழிற்சாலைப் பட்டையும் வெல்ட் நட்டும் இருக்கிறதா, அல்லது வாஷரும் தொங்கும் போல்ட் நுனியும் இருக்கிறதா? இரண்டாவது என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. வேறு வழியில்லாமல் வைத்துக்கொள்வதானால், இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, ஒவ்வொரு ஓட்டைக்கு அடியிலும் 3 மில்லிமீட்டர் கனத்தில், குறைந்தது 75க்கு 75 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, மூலைகளை உருட்டி, தரையோடு படியும்படி போடச் சொல்லுங்கள். துளை போடும் முன் அடியில் டீசல் டேங்க், பிரேக் குழாய், வயர் எங்கே ஓடுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

டர்பன் கடற்காற்று இதில் இன்னொரு எதிரி. ரப்பர் மேட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கும், உப்பும் ஈரமும் சேர்ந்து வெல்ட் நட்டைச் சுற்றித்தான் முதலில் தின்னும். வண்டிக்குள் ஹோஸ் பைப்பை விட்டுக் கழுவும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதித் துரு நின்றுவிடும். சீட்டு வெளியே இருக்கும் நாளில் மேட்டைத் தூக்கி, போல்ட் ஓட்டையைச் சுற்றி ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். டங்கென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டாலோ, நுனியால் குத்தினால் உதிர்ந்தாலோ அங்கே சீட்டு பூட்டக்கூடாது.

நகர்த்தக்கூடிய முன்வரிசைச் சீட்டுக்கு ரெயில் இரண்டு, பூட்டும் இரண்டு. கம்பியைத் தூக்கி நகர்த்தி விட்டதும் ஒரு பக்கம் மட்டும் ‘டக்’ என்று விழுந்து மறுபக்கம் பல்லுக்கு நடுவே நிற்பது சகஜம். கம்பியை விட்ட பிறகு பின்னுக்கும் முன்னுக்கும் உடம்பால் தள்ளிப் பாருங்கள், இரண்டாவது பூட்டும் விழும் சத்தம் கேட்கும். வண்டி ஓடும்போது ஓட்டுநர் சீட்டை நகர்த்தவே கூடாது. பூட்டு விழாத சீட்டு, வண்டி வேகமெடுத்ததும் பின்னால் ஓடி, கால் பெடலை விட்டுப் போய்விடும். காவடிக்குப் போய்வந்த வண்டிகளில் ரெயில் பூட்டைக் கெடுப்பது பெரும்பாலும் பால்தான். பால்குடத்திலிருந்து சிந்தியது ரெயிலுக்குள் காய்ந்து பசையாகிவிடும். வெந்நீரும் பழைய பல் பிரஷும் கொண்டு தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள்.

செஸ்ஃபிகிலே போன்ற பழைய உருவ டொயோட்டா ஹையேஸ் கோம்பியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆயில் பார்க்க முன் பயணி சீட்டைத் தூக்குவார்கள். இறக்கியபின் கொக்கி பூட்டியதா என்று சீட்டின் விளிம்பைப் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பது ஆயில் பார்க்கும் வேலையின் கடைசிப் பகுதி. நடைபாதையில் மடங்கும் சின்னச் சீட்டுக்கும் இதே சோதனைதான்.

ஓட்டுநர் சீட்டின் அளவு: முதுகு சாய்ந்தபடி கிளட்சை முழுதாக மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். தலைப்பலகையின் உச்சி தலையின் உச்சிக்குச் சமமாக நிற்கட்டும். கழுத்துக்கு வைத்தால் அது நெம்புகோல் மாதிரி வேலை செய்து காயத்தைக் கூட்டும்.

சீட்டைத் திரும்ப வைக்கும்போது பெல்ட் கொக்கிகள் அடியில் மாட்டிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. எத்தனை இருக்கையோ அத்தனை கொக்கியும் மேலே தெரிய வேண்டும், ஒவ்வொன்றையும் மாட்டிக் கழற்றிப் பாருங்கள். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். முறுக்கிக் கிடக்கும் பெல்ட்டை நேராக்குங்கள், ஓரம் நூல் பிரிந்த பெல்ட்டை மாற்றுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2015 ஏப்ரல் 30 முதல் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனிக் குழந்தை இருக்கை கட்டாயம். கட்டணத்துக்கு ஓடும் மினிபஸ்ஸுக்கு விலக்கு இருக்கிறது. சட்டம்தான் விலக்கு கொடுத்திருக்கிறது, மோதல் கொடுக்காது. வாடகைக் கோம்பியில் போனாலும் உங்கள் குழந்தை இருக்கையைக் கொண்டுபோய், முன்பக்கம் பார்த்த சீட்டில், பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டிய இடத்தைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது.

கடைசி வரிசைக்குப் பின்னால் ஏற்றும் சாமானும் சீட்டின் சுமையே. 9 கிலோ கேஸ் சிலிண்டர் என்கிறோம், இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய 18 கிலோ. மோதலில் அது 180 கிலோவாகச் சீட்டின் முதுகில் இடிக்கும். சிலிண்டரும் கனமான சட்டிகளும் டிரெய்லரிலோ பக்கி என்கிற பிக்கப் வண்டியிலோ போகட்டும்.

முழுதாக இறுக்கி முடித்ததும், ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து சீட்டுக் கால் வரை நகப்பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிவிடும். முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை பாருங்கள். ஜோஹானஸ்பர்க் போவதானால், வான் ரீனன் ஏற்றத்துக்கு முன்னால், மோய் ரிவரில் டீ குடிக்க நிற்கும்போது குனிந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். விலகிய போல்ட்டை அங்கேயே இறுக்க, அந்த அளவு ஸ்பேனர் ஒன்று ஓட்டுநர் கதவுப் பையில் இருக்கட்டும்.