தண்ணி இருக்குற கதைகள்

எனக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல விண்கலச் சண்டையவிட தண்ணிக் கதைதாங்க பிடிக்கும், ஜூன் 12 மேட்டூர் திறப்பாங்களா மாட்டாங்களான்னு கேட்டுட்டே திருத்துறைப்பூண்டி பக்கம் வளந்தது அப்படி. 1965ல வந்த டியூன் நாவல்ல பாலைவன ஜனங்க வேர்வையக்கூட வடிகட்டிக் குடிக்கிற உடுப்பு போட்டிருப்பாங்க, செத்தவங்க உடம்புல இருக்குற தண்ணிகூட அந்தக் கூட்டத்துக்குத்தான் சொந்தம், படிச்சப்ப சிலிர்த்துடுச்சு. தி எக்ஸ்பான்ஸ் சீரியல்ல சனிகிரக வளையத்துலேர்ந்து ஐஸ் ஏத்திட்டு வர்ற கப்பல அழிச்சதும்தான் கதையே பத்திக்கும், ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடைக்காரங்களுக்கு அது சட்டுனு புரியும். இன்டர்ஸ்டெல்லார் படத்துல எல்லாருக்கும் கருந்துளை, எனக்கு அந்த சோளக்கொல்லையும் புழுதியும். கேம்னா அவுட்டர் வைல்ட்ஸ், 22 நிமிஷத்துல சூரியன் வெடிக்கும், திரும்ப மொதல்லேர்ந்து, அவசியம் விளையாடுங்க. ஆனா ரோபோன்னு சொன்னா இன்னிக்கும் எழுத்தாளர் சுஜாதாவோட ரோபோ நாய் ஜீனோதான், அதுல மாத்தமே இல்ல.