விலை பேசும் இடத்தில் சிரிப்பு

கொங்கு நாட்டில் நூல் விலை பேசுவதும் சம்பந்தம் பேசுவதும் பஞ்சாயத்துப் பேசுவதும் குசும்பு இல்லாமல் நடப்பதில்லை. "ஏனுங்க, நல்லாயிருக்கீங்களா" என்று தொடங்கும் மரியாதைக்குள்ளேயே நக்கலும் சேர்ந்து வந்துவிடும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, இந்தச் சிரிப்பு நம் கவனத்தையும் முடிவையும் என்ன செய்கிறது என்பது பொழுதுபோக்காக யோசிக்கும் கேள்வி அன்று. கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடினாலே ஓர் ஆர்டரில் நிற்க வேண்டிய லாபம் கரைந்துவிடும் தொழில் இது.

சிரிப்பு முடிவை மாற்றும் என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் வால்டெசோலோவும் டிஸ்டெனோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவுக்கு ஐந்து நிமிட நகைச்சுவைக் காட்சியையும் மற்றொரு குழுவுக்கு ஸ்பெயின் நாட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றிய ஆவணப்படத்தையும் காட்டினார்கள். பிறகு, கட்டுப்பாடிழந்து வரும் வண்டியிடமிருந்து ஐந்து பேரைக் காப்பாற்ற, பாலத்தில் நிற்கும் ஒருவரைத் தண்டவாளத்தில் தள்ளிவிடலாமா என்று இரு குழுவினரையும் கேட்டார்கள். தள்ளலாம் என்று சொன்னவர்கள் சிரித்துவிட்டு வந்த குழுவில்தான் அதிகம். ஓர் உயிரைக் கையால் தள்ளும்போது மனத்தில் தைக்க வேண்டிய முள்ளைச் சற்றுமுன் வந்த சிரிப்பு மழுக்கிவிட்டது என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம்.

கவனத்தைப் பற்றியது எனக்கு இதைவிட நெருக்கமானது. நெதர்லாந்தில் ஸ்ட்ரிக் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் கண் அசைவைப் பதிவு செய்யும் கருவியை வைத்துப் பார்த்து 2010-இல் எழுதியதன்படி, வேடிக்கையான வாசகம் பார்வையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனருகே இருக்கும் பொருளின் பெயர் நினைவில் தங்குவது குறைகிறது. எங்கள் அறையில் இது கண்ணெதிரே நடக்கும். நூல் ஏஜென்ட் கிலோவுக்கு இவ்வளவு என்று விலையைச் சொல்லி, லாரி வாடகை தனி என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டு, பணம் கொடுக்கும் கெடுவைப் பற்றிய பேச்சு வந்ததும், "அறுவது நாளுங்களா? என்ற மாமனாருகிட்டக்கூட நான் அத்தன நாள் கடன் கேட்டதில்லீங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் போனபின் லாரி வாடகை யார் கணக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மாமனார் கதை மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர் ஏமாற்ற நினைத்துப் பேசியதாக நான் கருதவில்லை. அவர் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார்.

சிரிப்பில் ஆண், பெண் வேறுபாடு என்றதும் பலர் மூளையைக் காட்டிவிடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆலன் ரைஸ் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 10 ஆண்களும் 10 பெண்களும் கேலிச்சித்திரங்களைப் பார்த்தபோது, பெண்களின் மூளையில் இடது முன்பகுதியும் மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாக இயங்கின. ஆனால் எவ்வளவு வேடிக்கை என்று மதிப்பிட்டதிலும் அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்திலும் இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தார்கள் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இருபது பேரை வைத்து உலகத்துப் பெண்களின் இயல்பையே எழுதிவிடுவது எனக்கு ஏற்புடையதன்று.

ராபர்ட் ப்ரொவைன் என்னும் ஆய்வாளர் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, பொது இடங்களில் மக்கள் இயல்பாகச் சிரித்த 1200 தருணங்களைக் கவனித்துத் தொகுத்தார். பெரும்பாலான சிரிப்புகளுக்கு முன்னால் நகைச்சுவை என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை. கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரித்தார். ஆணிடம் பேசும் பெண்ணோ, கேட்டுக்கொண்டிருந்த அந்த ஆணைவிட 127 விழுக்காடு அதிகம் சிரித்தாள். இந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். மகளிர் குழுக் கூட்டத்தில் கடன் பாக்கி வைத்தவரை நையாண்டி செய்தே தவணையைக் கட்ட வைக்கும் அம்மிணி, வங்கியிலிருந்து அதிகாரி வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றுக்கும் புன்னகை மட்டுமே செய்வார். அலுவலகத்திலும் இதே கதைதான். "இந்த ரேட்டு கட்டுப்படியாகாதுங்க" என்று ஓர் ஆண் நக்கலாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் கால்குலேட்டரை எடுக்கிறார்; அதையே ஒரு பெண் தயக்கத்தோடு சிரித்துக்கொண்டே சொன்னால், அவள் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். மறுப்பைச் சொன்னவளே அதன் எடையைச் சிரிப்பால் குறைத்துக்கொள்ளும்படி எந்த மூளைப்பகுதியும் அவளைப் பணிக்கவில்லை. பெரியவர்கள் முன்னால் எப்படிப் பேச வேண்டும் என்று சிறு வயதிலிருந்து கேட்ட புத்திமதிதான் பணித்தது.

இப்போது எங்கள் பிரிவில் விலை, லாரி வாடகை, கெடு நாள் மூன்றையும் டீ வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி, ஏஜென்ட் கையெழுத்தையும் வாங்கிவிடுகிறோம். யாரும் சிரிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. 1987-இல் வெளியான ஆய்வில், ஆலிஸ் ஐசன் என்னும் உளவியலாளரின் குழுவினர் ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறைய ஆணிகளைக் கொடுத்து, மெழுகு தரையில் சொட்டாமல் மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்தச் சொன்னபோது, நகைச்சுவைப் படம் பார்த்து வந்தவர்களில் 75 விழுக்காட்டினர் ஆணிப்பெட்டியையே தாங்கியாக்கும் வழியைக் கண்டார்கள். சாதாரணப் படம் பார்த்தவர்களில் 20 விழுக்காட்டினரே கண்டார்கள். சாயப்பட்டறையிலிருந்து துணி ஷேடு மாறி வந்து, கப்பல் தேதியும் நெருங்கிவிட்ட நாளில், ஏதாவது வழி யோசித்தாக வேண்டிய மேசையைச் சுற்றி அந்தச் சிரிப்பு இருந்தே ஆக வேண்டும்.